மாலை போட்ட பத்தொன்பதாம் நாள்: பீடி நின்றதும் க்ளோசபின் ஏறிய ஒரு நிகழ்வு

கார்த்திகை 19, காலை எட்டரை மணி. ஊசி போடுகிற நாள் என்பதால் மனநலப் பிரிவில் கூட்டம் கூடுதல். சீட்டு வாங்கும் வரிசையில் கறுப்பு வேட்டி கட்டிய சாமி ஒருவர் தூணில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வடிந்து தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. பக்கத்தில் அவருடைய அம்மா ஒரு கையில் மாத்திரைப் பையும் மறு கையில் மகனின் முழங்கையுமாக நின்றார். மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த முகம்தான். போன மாதத்துக்கு முந்தைய மாதம்வரை தானே சீட்டு வாங்கி, தானே எடை பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரத்தம் உண்டா சிஸ்டர்?" என்று கேட்டபடி வந்து உட்காருகிறவர்.

நான் இந்தப் பிரிவில் மனநலச் செவிலியர். அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பணி இருக்கிறது. செவிலியப் படிப்புக்கு மேல் முதுநிலை படித்து உரிமம் வாங்கியவர்கள் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிறார்கள். நம் ஊரில் மருந்து எழுதுவது மருத்துவர். ஆனால் அந்த மருந்து வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆகிறது என்று பார்க்கிற வேலை பெரும்பாலும் எங்கள் கையில்தான் இருக்கிறது. மிச்ச மாத்திரையை எண்ணுவது, எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது, வராதவர்களுக்குப் போன் போடுவது, வந்தவரிடம் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வெளிக்குப் போகிறதா என்று கேட்பது. இந்த நிகழ்வில் நான் ஒரு மாதம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன். நோயாளியும் தாயாரும் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

வயது 34. மரக்கடையில் ஏற்றி இறக்கும் வேலை. மனச்சிதைவு நோய் தொடங்கியபோது வயது 21. ரிஸ்பெரிடோன், அடுத்து ஓலான்சபின் என இரண்டு மருந்தையும் முழு அளவில், போதிய காலம் கொடுத்துப் பார்த்தும் காதில் கேட்ட குரல்கள் அடங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மருத்துவர் க்ளோசபின் தொடங்கினார். 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்துப் பையப் பைய ஏற்றி 400-ல் வந்து நின்றது: காலை 100, இரவு 300. முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒன்று. ஆறாவது மாதம் அவர் சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "சத்தம் இருக்கு சிஸ்டர். ஆனா இப்ப பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு. நம்ம வேலைய நாம பாக்கலாம்."

ரத்தப் பரிசோதனையில் இவ்வளவு கறார் ஏன் என்று குடும்பத்தார் எப்போதும் கேட்பார்கள். 1975-ல் பின்லாந்தில் க்ளோசபின் எடுத்த சிலருக்கு, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தையே ஒதுக்கி வைத்தார்கள். வேறு எந்த மருந்துக்கும் மசியாத மனச்சிதைவுக்கு இது கேட்கிறது என்று 1988-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது, ரத்தத்தைத் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதிலிருந்து எங்களுக்கு மனப்பாடமான கேள்வி ஒன்றுதான்: காய்ச்சல், தொண்டை வலி ஏதாவது உண்டா?

ஐப்பசியில் அம்மா மட்டும் வந்து ஒரு மாத மாத்திரை வாங்கிப் போனார். ரத்த ரிப்போர்ட் சரியாக இருந்தது. காய்ச்சல், தொண்டை வலி கேட்டேன், இல்லை என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கார்த்திகை பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. மகன் மாலை போடப்போகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அய்யப்பனுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

கேஸ் ஷீட்டில் பழக்கங்கள் என்ற இடத்தில் "பீடி: ஆம்" என்று மட்டும் இருந்தது. எத்தனை என்று மூன்று வருடத்தில் யாரும் எழுதவில்லை. நானும்தான்.

அந்தக் காலை

வரிசையிலிருந்து அழைத்து வந்து படுக்கவைத்தேன். பெயர் சொன்னார், என்ன கிழமை என்று சொன்னார், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கண் மூடிக்கொண்டது. பேச்சு குழறியது. காய்ச்சல் இல்லை. நாடி நிமிடத்துக்கு 118. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 122/80, நிற்கவைத்து மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் 92/60. வயிறு உப்பியிருந்தது. முழங்காலில் புதுக் காயம்.

தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகும் பாதி வழியில் மணிக்கட்டு திடுக்கென்று ஒரு முறை உதறியது, தண்ணீர் மார்பில் கொட்டியது. நடுக்கம் என்றால் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. ஒரு வெட்டு, பிறகு அமைதி, கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் இன்னொரு வெட்டு. க்ளோசபின் எடுப்பவரிடம் இந்த வெட்டைக் கண்டால் அசட்டையாக இருக்கக்கூடாது. வலிப்புக்கு முன்னால் வரக்கூடியது இது.

அம்மா பேச ஆரம்பித்தார். மாலை போட்ட மகனைச் சாமி என்றுதான் சொல்லவேண்டும். பதற்றத்தில் அவருக்கு அதுவும் இதுவுமாக வந்தது.

"பத்து நாளா இப்படித்தான் சிஸ்டர். தூங்கிட்டே கெடக்கான். முந்தாநாள் விடியக்காலம் சாமி குளிக்கப் போயி குழாயடியில விழுந்துட்டாவ. பஜனையில தோளு வெட்டி வெட்டி இழுக்கு. பாத்தவங்க எல்லாம் அருள் வந்துட்டுன்னு சொல்லுதாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

மாத்திரைப் பையை வாங்கி எண்ணினேன். நாள் கணக்குக்கு மிகச் சரியாக இருந்தது. ஆக, தெரியாமல் கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக இருக்க முடியாது. பைக்குள் இன்னொரு அட்டையும் இருந்தது, பழைய டி.எச்.பி. மாத்திரை. முன்பு ரிஸ்பெரிடோன் கொடுத்த காலத்தில் கை நடுக்கத்துக்காக எழுதியது. எச்சில் ஒழுகுது, கை உதறுது என்று அம்மா ஐந்து நாளாகக் காலையும் மாலையும் அதைக் கொடுத்திருந்தார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் அந்த மாத்திரை ஏற்கெனவே சோம்பிக் கிடக்கும் குடலை இன்னும் கட்டிப்போடும்.

"வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சும்மா?"

அவருக்குத் தெரியவில்லை. மகனிடம் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே விரலைக் காட்டினார். ஆறு.

"வேற என்ன மாத்திரை? சளிக்கு, மூத்திரக் கடுப்புக்குன்னு கடையில ஏதாவது வாங்கினீங்களா?" இல்லை. "குடி?" மாலை போட்டிருக்கும்போது அதெல்லாம் உண்டா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு கவலையிலும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "மாலை போட்டதுல இருந்து ஒரு பீடி தொடல சிஸ்டர். தினம் ஒண்ணரைக் கட்டு குடிச்ச பய."

ஒரு கட்டுக்கு 25 பீடி. நாளுக்கு நாற்பது பக்கம். ஒரே நாளில் நின்றிருக்கிறது. நின்று பத்தொன்பது நாள்.

எழுந்துபோய் மருத்துவரைக் கூட்டி வந்தேன்.

பீடிக்கும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு

க்ளோசபினைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றுவதில் பெரும்பங்கு சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதிக்கு. புகையிலை எரியும்போது வரும் புகையில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் இந்த நொதியைத் தூண்டி அதிகமாக்குகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் மருந்து வேகமாகக் கரைகிறது, அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. புகை நின்றால் சுமார் ஒரு வாரத்தில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். மாத்திரை அதேதான். ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும், சிலருக்கு ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்குவரைகூட. இதில் நிக்கோடினுக்குப் பங்கு இல்லை, புகைக்குத்தான். அதனால் நிக்கோடின் சூயிங்கம்மோ வாயில் அடக்கும் புகையிலையோ நொதியைத் தூண்டாது. "பீடியை விட்டுட்டு புகையிலை போடறேன்" என்று ஒருவர் சொன்னால், மருந்தைப் பொறுத்தவரை அவர் புகையை நிறுத்தியவர்தான்.

இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பீடி நினைப்பு வரும்போதெல்லாம் பஜனை மடத்தில் கடுங்காப்பி. நாளுக்கு ஏழெட்டு டம்ளர். காபியில் உள்ள காஃபினும் அதே நொதி வழியாகத்தான் வெளியேறுகிறது, க்ளோசபினோடு போட்டி போடுகிறது. ஆக, ஏறின அளவு இன்னும் ஏறும்.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அவர் பீடி சுற்றுகிறவர். நெல்லைச் சீமையில் பீடித் தட்டு இல்லாத தெரு குறைவு. மகனுக்கு அவ்வளவு பீடி தாராளமாகக் கிடைத்ததும் அதனால்தான்.

"யம்மா, உங்க வீட்டுல நாலு பேரு பீடி சுத்துதீங்கன்னு வைங்க. கடைக்காரர் நாலு பேருக்கான இலையும் தூளும் தாறாரு. ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க. கடைக்காரருக்கு அது தெரியாது, தினமும் அதே அளவு தாறாரு. என்ன ஆகும்?"

"தேங்கிரும். வீடு பூரா இலையாக் கெடக்கும்."

"பீடிப் புகை இருந்தவரைக்கும் அவர் ஈரல்ல நாலு பேரு வேலை பாத்தாங்க. இப்ப ரெண்டு பேருதான். நாங்க பழைய அளவுலயே மாத்திரை குடுத்துட்டு இருக்கோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ சாமி குத்தம் இல்லையா?" என்றார். "இல்லம்மா. விரதம் சரியாத்தான் இருந்திருக்காரு. நாங்கதான் மாத்திரையைக் குறைக்காம விட்டுட்டோம்." அவர் அழுதது அப்போதுதான். பத்து நாளாக, தான் தெரியாமல் செய்த ஏதோ தீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வார்டில் ஆறு நாள்

இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டவர், காலை மாத்திரை இன்னும் போடவில்லை. மணி ஒன்பதே கால். க்ளோசபின் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்தான் சரி. அந்த வாய்ப்பை விடாமல் உடனே எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வரப் பல நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று மருத்துவர் அறிகுறிகளை வைத்தே முடிவெடுத்தார். காலை 100-ஐ நிறுத்தி, அன்றிரவு 200 மட்டும். மறுநாளிலிருந்து இரவு 250. டி.எச்.பி. நிறுத்தம். கடுங்காப்பி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

மருந்தை ஒரேயடியாக நிறுத்தாததற்குக் காரணம் உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5-லிருந்து ஏற்றவேண்டும். அதற்குள் குரல்கள் திரும்பிவிடும்.

தொற்று இருந்தாலும் க்ளோசபின் ஏறும் என்பதால் அதையும் தேடினோம். நெஞ்சு, சிறுநீர், வெள்ளணு எல்லாம் சரி. விழுந்ததில் தலையில் அடி இல்லை. சர்க்கரை, சோடியம், இ.சி.ஜி. பார்த்ததில் நாடி வேகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்தியது வயிறு. வெள்ளணுவை எண்ணப் பழகிய அளவுக்கு, மலம் கழிந்த நாளை எண்ண நாங்கள் பழகவில்லை. க்ளோசபின் குடல் அசைவையே மந்தமாக்கிவிடும். அடைத்துக்கொண்டு உயிர் போனவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இந்த எச்சரிக்கையை மேலும் கடுமையாக்கியது. எக்ஸ்ரே எடுத்து, அறுவைச் சிகிச்சை மருத்துவரும் வந்து பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதியானபின் லாக்டுலோஸ், பைசகோடில் என்ற இரண்டு மலமிளக்கி மருந்துகளைத் தொடங்கினோம். வீட்டில் வாழைப்பழமும் இசப்கோலும் கொடுத்திருக்கிறார்கள். அசையாத குடலுக்குள் இசப்கோல் போனால் சுமைதான் கூடும். அதை நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் நாள் இரவு வயிறு கழிந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் அதைக் குறிக்கும்போது எனக்கு வந்த நிம்மதியை இந்த வேலையில் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் நாள் எச்சில் குறைந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு உதறல் வரவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். மரக்கடைக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம், ரம்பம் ஓடுகிற இடம். பன்னிரண்டு நாள் கழித்து ஆய்வக முடிவு வந்தது: மில்லிலிட்டருக்கு 1,040 நானோகிராம். 350-க்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்யும், 600-ஐத் தாண்டினால் கவனம், ஆயிரத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு.

மாலை

வார்டில் இருந்தபோது ஒரு கேள்வி வந்தது. மாலையைக் கழற்றிவிடலாமா? உறவினர் ஒருவர் அதைத்தான் சொன்னார். இன்னொருவர், "பீடிய மறுபடி குடிக்கச் சொல்லிட்டா சரியாயிருமே" என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பதின்மூன்று வருட நோயில் இவர் தானாக எடுத்து, நினைத்தபடி காப்பாற்றிய முதல் தீர்மானம் இது. நாற்பது பீடியை ஒரே நாளில் விட்டவரிடம் போய், ஆஸ்பத்திரி வசதிக்காகத் திரும்பக் குடி என்று எந்த வாயால் சொல்வது? மாறவேண்டியது மாத்திரை அளவுதான்.

குருசாமியை வரச் சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியவர், பொறுமையாகக் கேட்டார். விடியற்காலைக் குளியல் நிற்கவேண்டாம், ஆனால் முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சாமி நிற்க. பெருவழிப்பாதை இந்த வருடம் வேண்டாம், பம்பையிலிருந்து ஏறட்டும். பம்பையில் முங்க வேண்டாம், மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், தண்ணீருக்குள் உதறல் வந்தால் ஆபத்து. இரவு மாத்திரை எந்தக் காரணத்துக்காகவும் தவறக்கூடாது. வரிசையில் நின்று நேரம் போனாலும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். குருசாமி கேட்ட ஒரே கேள்வி: "மாத்திரை யாரு கையில இருக்கணும்?" பாதி உங்களிடம், பாதி அவரிடம் என்றேன். மார்கழி முதல் வாரம் போய், நல்லபடியாக வந்தார்கள்.

கழற்றிய பிறகு

உண்மையில் எனக்குப் பயம் மாலை கழற்றும் நாளைப் பற்றித்தான். பீடி திரும்பினால் நொதியும் திரும்பும். 250-ல் நிற்கும் மருந்து போதாமல் போகும். க்ளோசபின் எடுப்பவர்களிடம் இது நாங்கள் ஓயாமல் பார்ப்பது. வார்டில் புகைக்க முடியாது, அங்கே அளவு நிர்ணயித்து அனுப்புகிறோம். வாசலைத் தாண்டியதும் பீடி. ஒரு மாதத்தில் நோய் திரும்ப வருகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று நாம் அவரைத் திட்டுகிறோம், அவரோ ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். ரமலான் மாதத்தில் பகலெல்லாம் புகைக்காதவர், தவக்காலத்துக்காக நிறுத்தியவர், ஜெயிலுக்குப் போய் வந்தவர் எல்லோரிடமும் இதைக் கேட்டே ஆகவேண்டும். ஓலான்சபினுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

அவரிடம் நேராகப் பேசினேன். "குடிக்காம இருந்தா ரொம்ப நல்லது. குடிச்சிட்டீங்கன்னா மறைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள்ள சொல்லுங்க. திட்ட மாட்டேன்." சரி என்றார்.

சொன்னது அவர் இல்லை, அம்மா. தை பிறந்து சில நாளில் போன் வந்தது. பீடிக்கு ஆயிரம் கணக்கில் கூலி. கடைக்குப் போட எடுத்து வைத்த பீடியில் நாலு நாளாகக் கணக்கு உதைத்திருக்கிறது. "தெனமும் பத்து, பன்னெண்டு கொறையுது சிஸ்டர். நீங்க சொன்ன ஆளுங்க ஈரலுக்கு வேலைக்குத் திரும்ப வந்துட்டாங்க போல."

மறுநாளே வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ எப்படி என்று கேட்டேன். "ரெண்டு நாளா கொஞ்சம் சத்தமா வைக்காங்க." மருத்துவர் 300 ஆக்கினார். பத்து நாளில் சத்தம் பழையபடி தணிந்தது. நாற்பது பீடிக்கு 400 தேவைப்பட்டவருக்குப் பன்னிரண்டு பீடிக்கு 300 போதுமாக இருக்கிறது. அம்மா இப்போது தினமும் காலையில் பன்னிரண்டை எண்ணித் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். மிச்சம் கடைக்கு.

இப்போது எங்கள் பிரிவில் ஒவ்வொரு வருகையிலும் நாடி, எடைக்குப் பக்கத்தில் இரண்டு எண் எழுதுகிறோம்: நாளுக்கு எத்தனை பீடி, கடைசியாக வெளிக்குப் போய் எத்தனை நாள். ஐப்பசி பிறந்ததும் க்ளோசபின் எடுக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு மாலை உண்டா என்று கேட்கிறோம். மாலை போட்டபின் அளவு ஏறிவிட்டால் இறக்க நாளாகும். முன்பே தெரிந்தால், மாத்திரை அளவில் நான்கில் ஒரு பங்கைப் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி மருத்துவர் முதல் வாரத்திலேயே முடிவெடுக்கலாம்.

இந்த ஐப்பசியில் அவருக்கு மட்டும் போன் போட வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் மரக்கடைத் தூசியோடு வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், கார்த்திகை ஒண்ணு மாலை. இப்ப பன்னெண்டு பீடி. எவ்வளவு கொறைக்கணும்?"

மருத்துவர் இரண்டு படியாக 250-க்கு இறக்கச் சொல்லி எழுதினார். கடுங்காப்பி இரண்டு டம்ளர். முதல் ரத்தம் கார்த்திகை 10 காலை ஒன்பது மணிக்கு.